பத்து லிட்டர்ச் சாடி

1

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு மண்ணிறப் பீங்கான் சாடி. உள்ளே மூன்று குடைகளும் நரம்பு அறுந்த பூப்பந்து மட்டை ஒன்றும் இருக்கின்றன. வருகிறவர்கள் இதை ஊரிலிருந்து கொண்டுவந்தீர்களா என்று கேட்பார்கள். இதே லண்டனின் மறுகோடி, சவுத்தாலில் இருந்து கொண்டுவந்தேன் என்றால் நம்பாமல் சிரிப்பார்கள். இருபத்தைந்து லிட்டர் கொள்ளும். புளித்த கோவா, அதாவது முட்டைக்கோஸ், போடுவதற்காக வாங்கியது. ஜெர்மன்காரர் அதைச் சவர்க்ரவுட் என்பார்கள். கோவாவை மெல்லிசாக அரிந்து, உப்பைத் தவிர வேறொன்றும் சேர்க்காமல், அதிலிருந்து ஊறும் தண்ணீரிலேயே புளிக்க விடுவது. குளிர்நாட்டு ஆட்களின் ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள மாட்டார்கள், கறியளவுக்குச் சாப்பிடுவார்கள்.

இந்த ஆவணியோடு நாங்கள் லண்டனுக்கு வந்து இருபத்தைந்து வருடம். அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி மலர் பாயசம் காய்ச்சினாள். மகள் ஆரணி வந்திருந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. வால்தம்ஸ்டோவில் மாரெக் என்ற போலந்துப் பெடியனோடு இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன், அவனோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறேன் என்று வந்து சொன்னபோது நான் சத்தம் போடவில்லை. ஒரு வசனம்தான் சொன்னேன்.

"இஞ்சை வாறதெண்டால் தனிய வா."

அவள் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு தனியாக வருவாள். குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றமாட்டாள். கோடையில் தோள்பையை இறக்கமாட்டாள். சோபாவின் நுனியில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து, சாப்பிட்டு, தாயோடு கதைத்துவிட்டு, "ஓகே அப்பா, பாய்" என்று போய்விடுவாள். மலர் இன்னும் அரிசியைப் பால்மா டின்னால்தான் அளக்கிறாள், ஒரு டின் ஒரு சுண்டு. மகள் வரும் ஞாயிறுகளில் ஒரு சுண்டு கூடப் போடுவாள். ஒரு சுண்டு, அதற்கு மேல் இல்லை.

அந்த வசனத்தை முதல் மாதத்திலேயே திருப்பி எடுக்க விரும்பினேன். எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐந்து பாஷையில் சாப்பாடு கேட்பேன். மன்னிப்பு ஒன்றிலும் கேட்டுப் பழகவில்லை.

பாயசம் குடித்துக்கொண்டே அவள் சொன்னாள், கார்த்திகைக் கடைசியில், நவம்பர் முடிய, டவுன் ஹாலில் கலியாணப் பதிவு என்று. மாரெக்கின் தாய் போலந்தில் இருந்து வருவா. பதிவு முடிய அவர்களுடைய வீட்டில் மத்தியானச் சாப்பாடு, இருபது பேர் அளவில். எங்களையும் வரச் சொன்னாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, ஜெர்மனியில கோவா போட்டனான் எண்டு சொல்லுவீங்களே, அது இப்பவும் செய்வீங்களா? மாரெக்கின்ர அம்மாவுக்கு எங்கட சாப்பாடு ஒண்டும் தெரியாது. இதொண்டாவது அவவுக்குத் தெரிஞ்சதா இருக்கும்."

செய்யலாம் என்றேன். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது.

2

கோவா போட நான் விரும்பிப் பழகவில்லை. பத்தொன்பது வயதில் ஊரை விட்டு, மொஸ்கோ விமான நிலையத்தின் தரையில் நான்கு நாள் கிடந்து, ஜெர்மனிக்குள் வந்து, ஒரு சின்ன ஊரின் அகதி முகாமில் போடப்பட்டேன். வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த மாவட்டத்தை விட்டுப் போகவும் அனுமதி இல்லை. முகாமுக்கு எதிரே ஒரு சாப்பாட்டு விடுதி. அதன் சமையல்காரி ஹில்டே பின்கதவால் என்னைக் கூப்பிட்டு நிலவறையில் கோவா அரிய விட்டாள். இரண்டு நேரச் சாப்பாடும் சூடான நிலவறையும் கிடைத்தன. அந்தக் குளிருக்கு அது நல்ல சம்பளம்.

அங்கே ஒரு ஆளின் இடுப்பளவு உயரத்தில் இரண்டு சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டர். வாயைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதில் தண்ணீர் விட்டு மூடியைக் கவிழ்த்தால் உள்ளே கிளம்பும் காற்று வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. அப்படி வரும்போது "ப்ளப்" என்று ஒரு சத்தம். அரிந்துகொண்டிருப்பேன், ப்ளப். உப்புப் பிசைந்துகொண்டிருப்பேன், ப்ளப். என்னோடு கதைக்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. அம்மா செத்த கடிதம் மூன்று வாரம் பிந்தி வந்ததும் அந்த நிலவறைக்குத்தான். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். மீதிக் கோவாவையும் அரிந்து முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு பாரிஸ், சூரிச், மறுபடியும் ஜெர்மனி. அங்கே மலர் வந்து சேர்ந்தாள், ஆரணி பிறந்தாள். பிறகு லண்டன். லண்டனுக்குள் மட்டும் ஏழு வீடு. மலர் என்னைக் காலில் சில்லுப் பூட்டின மனுசன் என்பாள். எல்லா இடத்திலும் சமையலறைதான். இப்போது பக்கத்தில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அறுபது பேருக்குச் சமைக்கிறேன். திருவிழாவுக்கு ஆர்ச்வே கோயில் அன்னதானத்தில் போய் நின்றால் ஐந்நூறு பேருக்குக் கை தானாக ஓடும். ஆனால் நான்கு பேருக்கு ஒரு ரசம் வைக்கச் சொன்னால் உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இது முதல் சாடியை வாங்கும்போது என் மூளைக்கு வரவில்லை.

3

நான் அறிந்த சாடி ஐம்பது லிட்டர். அது எண்பது பேர் சாப்பிடும் விடுதிக்கு. இருபது பேருக்கு அதில் பாதி போதும் என்று கணக்குப் போட்டேன். சவுத்தாலில் ஒரு பஞ்சாபிக்காரர் தோட்டக் கொட்டிலைத் துப்புரவு செய்கிறாராம், வீட்டின் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன சாடி இருக்கிறதாம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். கடைச்சாமான் வண்டிலைக் கொண்டுபோய் அதில் ஏற்றிக் கட்டி எலிசபெத் லைன் ட்ரெயினில் கொண்டுவந்தேன். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவர் இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் சாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிக மரியாதையாக, உள்ளே இருப்பது உங்கள் சொந்தக்காரரின் சாம்பலா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

எட்டுக் கோவா அரிந்தேன். உப்பை மட்டும் தராசில் வைத்தேன், கிலோவுக்கு இருபது கிராம். பிசைந்து, கோவா தண்ணீர் விட்டவுடன் சாடிக்குள் போட்டுக் கைமுட்டியால் குத்தினேன். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மேலே அத்தனை வெறும் இடம். அந்தச் சாடிக்கு வாய்க்காலும் இல்லை, பாரம் வைக்கும் கல்லும் இல்லை. வீட்டில் இருந்த பெரிய சாப்பாட்டுக் கோப்பையைப் பாரத்துக்குக் கவிழ்த்துப் பார்த்தேன். சாடியின் அகலத்துக்கு அது காணாது. ஓரத்தில் இருந்த கோவா எல்லாம் மிதந்தது. இரண்டு கிழமையில் முதலில் வெள்ளை ஆடை படர்ந்தது. பிறகு ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சணம்.

கோவா போடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். சாடியில் ஐந்தில் நாலு பங்கு நிரம்ப வேண்டும். கோவாவுக்கு மேலே வெறும் காற்று எவ்வளவு கூடவோ அவ்வளவுக்குப் பழுதாகும். பெரிதாக வாங்கி வைத்தால் எப்போதாவது நிரம்பும் என்று வாங்கக்கூடாது. எங்கள் ஆட்கள் பானையும் அப்படித்தான் வாங்குவார்கள், வீடும் அப்படித்தான்.

கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். பீங்கானை மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட ஏலாதாம். பெரிய சாமான் எடுக்கும் லொறிக்குப் பதியலாமாம், ஆனால் அவர்கள் பட்டியலில் சோபா இருக்கிறது, மெத்தை இருக்கிறது, சாடி இல்லை. "இதர" என்று பதியவா என்று கேட்டேன். "இதர" என்று ஒன்று இல்லை என்றாள் அந்தப் பிள்ளை. அன்றைக்கு மழை. நனைந்த குடையை மலர் அதற்குள் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டது.

4

இரண்டாவது சாடியை இல்ஃபோர்டில் ஒரு போலந்துக் கடையில் வாங்கினேன். கடைக்காரி ஐம்பது வயதுக்காரி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. வீட்டில் எத்தனை பேர்?

இரண்டு என்றேன். அதுதானே உண்மை.

ஐந்து லிட்டரை எடுத்துத் தந்தாள். வாய்க்காலும், சாடியின் வாய்க்கு அளவான இரண்டு கல்லும் அதில் இருந்தன. இருபது பேருக்கு ஆளுக்கு ஒரு அகப்பை அளவுக்குக் காணும். நாலு கிலோ கோவா சரியாக நிரம்பியது. மூன்றாம் நாள் சமையலறை மூலையில் இருந்து ப்ளப் என்று கேட்டது. முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். கையில் இருந்த தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன்.

மலருக்கு அந்தச் சத்தமும் பிடிக்கவில்லை, மணமும் பிடிக்கவில்லை. ஆனால் மகளின் கலியாணத்துக்கு என்பதால் பொறுத்துக்கொண்டாள். ஐப்பசியில் எதிர்பாராமல் இரண்டு நாள் நல்ல வெயில் வந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்து பின்தோட்டத்தைப் பார்த்தேன். பிளாஸ்டிக் மேசையில் அவளுடைய தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல்கள் மூன்று வரிசையில் நின்றன. நாலாவதாக என் சாடி. மூடி இல்லை, கல் இல்லை. என் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, வெயில் பட வைத்திருந்தாள்.

"என்னடியப்பா செய்திருக்கிறாய்?"

"மணக்கத் தொடங்கிட்டுது. பழுதாகப் போகுது எண்டு வெயிலில வைச்சன். தண்ணியும் கூடக் கிடந்தது, கொஞ்சம் வடிச்சு ஊத்திட்டன்."

"அது ஊறுகாய் இல்லை."

"உப்புப் போட்டு ஊற வைச்சதுக்கு வேற என்ன பேர்? உங்கட ஜெர்மன்காரிக்கு வெயில் இல்லை, அதால நிலவறைக்குள்ள வைச்சவள். எனக்கு வெயில் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நான் மேசைக்குக் கிட்டப் போய்த் துணியை அவிழ்த்துக் காட்டினேன். மேல் கோவா மண்ணிறமாகி, காய்ந்து, இரண்டு ஈ இருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கதிரையை இழுத்து இருந்துகொண்டு, துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"பிள்ளை கேட்டது ஒண்டே ஒண்டு," என்றாள். "அதையும் நான் கெடுத்துப் போட்டன்."

கெடுத்தது நீ இல்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் கெடுத்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் சொன்னது, இன்னும் ஆறு கிழமை இருக்கிறது, போட்டால் சரிவரும் என்பது மட்டும்தான்.

இங்கே இரண்டாவது விஷயம். கையால் தூக்கி இடுப்பில் வைக்கக்கூடிய சாடியை வாங்கினால், வீட்டில் யாராவது அன்பு மிகுதியில் தூக்கிக்கொண்டு போய் எங்காவது வைப்பார்கள்.

5

அந்தக் கிழமை ஆரணி போன் எடுத்தாள். பதிவுக்கு எங்கள் விபரம் வேண்டுமாம். இங்கே கலியாணப் பதிவில் தாய் தகப்பன் பேரும் தொழிலும் எழுதுகிறார்கள். என்னுடைய ஜெர்மன் காகிதத்தில் நான் தை முதலாம் திகதி, ஜனவரி ஒன்று, பிறந்தவன். பிறந்த நாள் சரியாகச் சொல்ல முடியாதவர்கள் எல்லாரையும் அவர்கள் தை முதலாம் திகதிதான் பிறக்க வைத்தார்கள். அது பிறகு பாஸ்போர்ட்டிலும் ஏறிவிட்டது. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. தொழில் என்ன போடுவது என்று கேட்டாள்.

கோப்பை கழுவினது, பேப்பர் போட்டது, பெற்றோல் ஸ்டேஷனில் நின்றது எல்லாம் எனக்குள் ஓடியது. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"குக் எண்டு ஏற்கெனவே எழுதிட்டன் அப்பா. சரியோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்." கொஞ்சம் பொறுத்து, "கோவா எப்பிடி இருக்கு?" என்றாள்.

நல்லா இருக்கு என்றேன். அந்த நேரத்தில் வீட்டில் கோவாவே இல்லை.

அடுத்த நாள் மறுபடி போலந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சாடி உடைந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, மனைவி வெயிலில் வைத்துவிட்டாள் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதை இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உள்ளே இருந்த ஆளையும் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு, பழையபடி அதே கேள்வி. வீட்டில் எத்தனை பேர்?

இரண்டு என்று சொன்னால் திரும்பவும் ஐந்து லிட்டர். மூன்று என்றால் மாதத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும். சுவர்த்தட்டில் அடுக்கியிருந்த சாடிகளைச் சும்மா எண்ணிக்கொண்டு நின்றேன்.

நாலு என்றேன்.

"போன மாதம் இரண்டு என்றாய்," என்றாள்.

"இப்போது நாலு."

லண்டன் வாடகைக்கு இப்படித்தான் குடும்பங்கள் சேரவேண்டி வருகிறது என்று சொல்லிக்கொண்டு பத்து லிட்டரை இறக்கினாள். வெறும் சாடியே ஒன்பது பத்துக் கிலோ வரும். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கக் காது. நாலு பேருக்குப் பத்து லிட்டர்தான் அளவு, ஒரு முறை போட்டால் பனிக்காலம் முழுக்க வரும் என்றாள். லண்டனுக்குள்ளேயே ஏழு வீடு மாறினவன் ஒரு பனிக்காலத்துக்கு வேண்டியதை ஒரு மூலையில் வைக்கப் போகிறேன். வண்டிலில் வைத்து உருட்டிக்கொண்டு வரும்போது இது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

எட்டுக் கிலோ கோவாவை நானும் மலரும் சேர்ந்து அரிந்தோம். அவள் என்னைவிட மெல்லிசாக அரிகிறாள். கல்லை வைத்து, மூடியைக் கவிழ்த்து, வாய்க்காலில் தண்ணீர் விட்டேன். அவள் ஒரு காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"எனக்காகத்தானே பெருசா வாங்கினீங்கள்?"

"ஓம். உன்னட்டை இருந்து காப்பாத்தத்தான்."

"ஐஞ்சு லிட்டரே அவையளுக்குக் காணும். இதை ஆர் வால்தம்ஸ்டோவுக்குத் தூக்கிறது? உங்கட நாரிப் பிடிப்பைப் பற்றி எனக்குத் தெரியாதே?"

வாய்க்காலுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.

6

ஐந்து கிழமை ஒழுங்காகப் போயிற்று. ப்ளப் சத்தம் முதல் இரண்டு கிழமை வேகமாகவும், பிறகு ஆற அமரவும் கேட்டது. மூடியை ஒருவரும் திறக்கவில்லை. மலர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். சத்தம் கேட்காவிட்டால் என்னிடம் வந்து சொல்வாள்.

பதிவுக்கு முந்தின கிழமை, ஐஸ்கிரீம் பெட்டிகளைக் கழுவி அடுக்கினாள். ஆறு பெட்டியில் அள்ளிப் போட்டால் பஸ்ஸில்கூடக் கொண்டுபோகலாம் என்றாள். சரியான யோசனை. என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. அப்படி அள்ளக்கூடாது, சாப்பிடும் நாளில்தான் திறக்கவேண்டும், சாடியோடுதான் போகவேண்டும் என்று சொன்னேன். ஹில்டே விடுதியில் வாளி வாளியாக அள்ளினவள். அது மலருக்குத் தெரியாது. ஆனால் அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் பெட்டிகளைத் திருப்பி அலுமாரிக்குள் வைத்தாள். போனை எடுத்து என் கையில் தந்தாள். தந்துவிட்டுச் சமையலறையை விட்டுப் போகவும் இல்லை.

ஆரணி எடுத்தவுடன், வெள்ளிக்கிழமை வேலை முடிய ட்ரெயினில் வந்து கோவாவை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

"தனிய வராதை," என்றேன். "சாடி பாரம்."

அவள் சாடியைப் பற்றித்தான் கேட்டாள்.

"எத்தினை லிட்டர்?"

"பத்து. கோவாவோட இருபது கிலோ வரும்."

"டாக்ஸியில ஏத்தி விடுங்கோவன் அப்பா."

"குலுங்கினால் வாய்க்கால் தண்ணி உள்ளுக்குப் போயிடும். ஒராள் ஓட வேணும். ஒராள் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு இருக்க வேணும். அவனிட்டைக் கார் இருக்குத்தானே. அவனையும் கூட்டிக்கொண்டு வா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. குழந்தையில் அழுவதற்கு முன் இப்படித்தான் விடுவாள். ஆனால் அவள் அழவில்லை.

"அப்பா, நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, பிள்ளை. அதாலதான் இப்ப வேற மாதிரிச் சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கரைக்கே இருட்டிவிட்டது. கதவைத் திறந்தேன். ஆரணி உள்ளே வந்தாள். அவன் வாசற்படிக்கு வெளியே மழையில் நின்றான். நெடுவல், காது சிவந்திருந்தது. நான் கையால் உள்ளே வரச் சொல்லும் வரைக்கும் காலை எடுத்து வைக்கவில்லை. வந்ததும் முதலில் குடைச்சாடியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தன் தாயிடம் இதே சாடி இருக்கிறது, ஆனால் அவர் குடை வைப்பதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். எவ்வளவு கோவா கொள்ளும் என்று கேட்டேன். பெரியப்பாமார், சித்தப்பாமார் எல்லாரும் வந்தால் நிரம்பும் என்றான்.

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாடியின் முன் குந்தியிருந்து மூடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தான். கண்ணை மூடினான். நல்லது என்றோ வீட்டு மணம் என்றோ சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பிறகு ஒரு காதைப் பிடித்தான். ஆரணி மற்றக் காதைப் பிடிக்கப் போனாள். பொறுங்கோ என்று சொன்னது மலர். சாப்பிட்டுவிட்டுத் தூக்கலாம், சாடி ஓடிவிடாது என்றாள்.

கோட்டை எங்கே கொளுவுவது என்று மாரெக் கேட்டான். கதவுக்குப் பின்னால் என்று ஆரணி சொன்னாள். சொல்லிவிட்டுத் தன்னுடைய கோட்டையும் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

மலர் பால்மா டின்னைத் திரும்பவும் எடுத்தாள். அரிசியில் இன்னும் இரண்டு சுண்டு அளந்து போட்டாள்.